மீண்டெழும் நுரையீரல் புற்றுநோய்: அறுவைக்குப் பிந்திய கதிர்ச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும்

நுரையீரலில் தோன்றிய புற்றுநோயை அறுத்து நீக்கியபின், நோய் அடியோடு ஒழிந்துவிட்டது என்று நோயாளியும் அவருடைய குடும்பத்தாரும் எண்ணுவது இயல்பே. பலருக்கு அவ்வெண்ணம் மெய்யாகிறது. வேறு சிலருக்கோ, சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழிந்தபின் அதே நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. அவ்வேளையில் குடும்பத்தாரிடையே இருவகைத் தவறான முடிவுகள் எழுவதுண்டு. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடுவது ஒன்று. கத்தி பட்டதனால்தான் நோய் பரவியது என்று மருத்துவமனையையே வெறுத்து ஒதுக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் விஞ்ஞான உண்மைக்கு மாறானவை.

திரும்பிய நோய் மார்பினுள் ஓரிடத்தில் அடங்கியிருக்கும்போதே கண்டறியப்பட்டு, கதிரும் மருந்தும் இணைந்த சிகிச்சை இடைமுறிவின்றி முடிக்கப்படுமானால், நோயாளிகளில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் வாழ வழியுண்டு. உரிய காலத்தில் கண்டறிதல், இடைமுறிவின்றி முடித்தல் என்னும் இவ்விரு நிபந்தனைகளும் மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே, பெரும்பாலும் நோயாளியின் ஊரிலேயே நிறைவேறவேண்டியவை. ஆகவே, இச்சிகிச்சையின் அடிப்படைகளைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

அறுவையின் சாதனையும் எல்லையும்

புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் வெற்றிகரமாக நீக்கியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரைச் சேர்ந்த டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம் ஆவார். 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் இந்த அறுவையைச் செய்தார். நோயாளியும் ஒரு மருத்துவரே. அவர் அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து நிலைநாட்டியவரும் இதே கிரஹாம்தான். நெடுநாள் புகைபிடித்துப் பின்னரே அவ்வழக்கத்தைக் கைவிட்ட அவர், 1957-இல் நுரையீரல் புற்றுநோயாலேயே காலமானார்.

அறுவை வல்லுநர் நீக்குவது கண்ணுக்கும் கைக்கும் புலப்படும் கட்டியையும், அதனைச் சூழ்ந்த திசுவையும், அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் ஆகும். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் சில, அறுவைக்கு முன்னரே நிணநீர் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ வெளியேறி, வேறிடங்களில் தங்கியிருக்கக்கூடும். எந்த ஸ்கேன் கருவியும் காணவியலாத அளவுக்கு அவை நுண்ணியவை. அவ்வாறு தங்கியவை பின்னர்ப் பெருகிக் கட்டியாக வளர்வதையே நோய் திரும்புதல் என்கிறோம். எனவே, கத்தி நோயைப் பரப்பவில்லை. கத்திக்கு எட்டாத இடத்தில் நோய் முன்னரே ஒளிந்திருந்தது.

முதல் நிலையில் அறுவை செய்துகொண்டவர்களுள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரையிலும், மூன்றாம் நிலையில் செய்துகொண்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடத்தும் நோய் திரும்புகிறது. இவ்வாறு திரும்புவதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்கிறது. இதனைக் குறைப்பதற்காகவே, தகுதியுள்ள நோயாளிகளுக்கு அறுவை முடிந்த சில வாரங்களில் சிஸ்பிளாட்டின் சேர்ந்த மருந்துச் சிகிச்சை தரப்படுகிறது. ஐந்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008-இல் வெளியான கணக்கின்படி, இத்தடுப்புச் சிகிச்சையால் ஐந்தாண்டு உயிர்வாழ்வோரின் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் கூடுகிறது. பயன் உண்டு, ஆயினும் அது முழுக்காப்பு அன்று.

நுரையீரல் புற்றுநோயில் சிற்றணு வகை, சிற்றணு அல்லாத வகை என இரு பெரும் பிரிவுகள் உள்ளன. பின்னதே நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்காகும். அறுவை பெரும்பாலும் இப்பிரிவுக்கே செய்யப்படுவதால், இப்பாடம் அதனைப் பற்றியதே.

நோய் திரும்பும் மூன்று வழிகள்

திரும்பிய நோயைக் குறித்து மருத்துவர் எழுப்பும் முதல் வினா, அது எங்கே உள்ளது என்பதாகும். சிகிச்சையின் நோக்கமே இவ்விடையைப் பொறுத்து மாறுகிறது.

முதலாவது, அறுவை நடந்த இடத்திலோ, மூச்சுக்குழலின் வெட்டுமுனையிலோ, நெஞ்சின் நடுப்பகுதியிலுள்ள நிணநீர் முடிச்சுகளிலோ மட்டும் நோய் தோன்றுவது. இதனை ஓரிட மீட்சி எனலாம். இங்கே சிகிச்சையின் நோக்கம் நோயை முற்றிலும் அழிக்க முயலுவதே.

இரண்டாவது, மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி, மறுபக்க நுரையீரல் போன்ற தொலை உறுப்புகளில் தோன்றுவது. இதுவே மிகுதியாகக் காணப்படுவது. இங்கே நோயை அடக்கிவைத்தலும், துன்பத்தைக் குறைத்து வாழ்நாளை நீட்டித்தலுமே நோக்கமாகும்.

மூன்றாவது, தொலைவில் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் சிறு கட்டிகளாகத் தோன்றுவது. இத்தகையோரில் தேர்ந்தெடுத்த சிலருக்கு, மிகத் துல்லியமாகக் குறிவைக்கப்பட்ட பெரிய அளவுக் கதிரைச் சில அமர்வுகளில் செலுத்துவதோ, மறு அறுவையோ பயன்தரக்கூடும்.

ஐயத்தை உறுதி செய்தல்

அறுவைக்குப்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் மார்பை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தல் பொதுவான முறையாகும். உடல் நலமாக இருக்கிறது என்று கூறி இப்பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் பலர். ஓரிட மீட்சி தொடக்கத்தில் எவ்வித அறிகுறியும் தராமல் இருக்கக்கூடும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கவேண்டும்.

நம் நாட்டில் கவனிக்கத்தக்க மற்றொரு சிக்கல் காசநோயாகும். இருமல், சளியில் இரத்தம், எடை குறைதல், மாலைக் காய்ச்சல் ஆகியவை இரு நோய்களுக்கும் பொதுவானவை. எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதுண்டு. சளிப் பரிசோதனையில் கிருமி காணப்படாமலேயே காசநோய் மருந்தைப் பல மாதங்கள் உண்டு, பின்னர்ப் புற்றுநோய் என்று அறிந்து வருவோர் வட இந்திய மருத்துவமனைகளில் மிகுதி. ஆகவே, முன்பு நுரையீரல் அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு மூன்று வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், பழைய அறுவைக் குறிப்புகளுடன் அவரைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்புவதே முறை.

அங்கே சி.டி. ஸ்கேனும், உடல் முழுவதையும் ஆராயும் பெட் ஸ்கேனும், மூளைக்கு எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கப்படும். பெட் ஸ்கேனில் காசநோயும் புண் ஆறும் திசுவும் கூட ஒளிரும் ஆதலால், இயன்றவரை பிராங்காஸ்கோப் குழாய் வழியாகவோ ஊசி வழியாகவோ திசுத் துணுக்கு எடுத்து, நுண்ணோக்கியில் கண்டு உறுதி செய்யப்படுகிறது. பழைய துணுக்குடன் ஒப்பிட்டு, இது திரும்பிய நோயா, புதிதாக முளைத்த வேறொரு புற்றா என்பதையும் நிர்ணயிக்க முயல்வர். ஏனெனில் இரண்டுக்கும் சிகிச்சை வேறாகலாம்.

கதிர் எவ்வாறு வேலை செய்கிறது

ரான்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1951-இல் கனடாவில் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு சிகிச்சை தொடங்கிற்று. கோபால்ட்-60 ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டில் தன் வலிமையில் பாதியை இழக்கும். பாபா அணு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பாபாட்ரான் என்பது இவ்வகையைச் சேர்ந்த இந்தியக் கருவியாகும். மின்சாரத்தால் உயராற்றல் எக்ஸ் கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் கருவிகள் இன்று பெரிய மருத்துவமனைகளில் மிகுதியாகப் பயன்படுகின்றன.

கதிர், உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை முறிக்கிறது. இயல்பான உயிரணுக்கள் இம்முறிவைச் சில மணி நேரத்தில் பெரும்பாலும் செப்பனிட்டுக்கொள்கின்றன. புற்றணுக்களுக்கு அத்திறன் குறைவு. இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தும் பொருட்டே மொத்த அளவு சிறு சிறு பங்குகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. நோயை அழிக்கும் நோக்குடன் அளிக்கும் வழக்கமான அளவு 60 கிரே ஆகும். இது நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாட்களாக, 30 அமர்வுகளில், ஆறு வாரங்களில் நிறைவுறும். ஒவ்வோர் அமர்வும் சில நிமிடங்களே; வலி இராது. வெளியிலிருந்து செலுத்தப்படும் இக்கதிர் உடலில் தங்குவதில்லை. எனவே, நோயாளியைத் தொடுவதாலோ, அவருடன் உண்பதாலோ, குழந்தையை அவர் மடியில் அமர்த்துவதாலோ பிறருக்கு எத்தீங்கும் நேராது.

அளவைக் கூட்டினால் பயனும் கூடுமன்றோ எனும் வினா இயல்பாகவே எழும். அமெரிக்காவில் 60 கிரே அளவையும் 74 கிரே அளவையும் ஒப்பிட்டு நடைபெற்ற ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. அதிக அளவு பெற்றவர்கள் அதிக நாள் வாழவில்லை. மாறாகக் குறைவாகவே வாழ்ந்தனர். நெஞ்சினுள் கதிர் செல்லும் பாதையில் இதயமும் உணவுக்குழாயும் தண்டுவடமும் எஞ்சிய நுரையீரலும் உள்ளன என்பதை இவ்வாய்வு நினைவூட்டுகிறது.

அறுவை செய்துகொண்டவரிடத்து இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகிறது. ஒரு மடலோ ஒரு பக்க நுரையீரலோ முன்னரே நீக்கப்பட்டிருப்பதால், எஞ்சியிருப்பதைக் காப்பது இன்றியமையாதது. 20 கிரேக்கு மேற்பட்ட கதிரைப் பெறும் நுரையீரற் பகுதி, மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவாறு திட்டமிடுவர். இதற்காக முதல் நாளில் திட்ட ஸ்கேன் எடுத்து, தோலில் குறிகள் இடுவர். அக்குறிகளை நோயாளி தேய்த்துக் கழுவிவிடலாகாது. முன்னரே அதே இடத்தில் கதிர் பெற்றவராயின், மீண்டும் தரக்கூடிய அளவு மிகக் குறைவு. பழைய சிகிச்சைத் தாள்களைப் பாதுகாத்துவைக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

மருந்தின் துணை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நச்சுவாயுவைப் பற்றிய ஆராய்ச்சியினின்று புற்றுநோய் மருந்து பிறந்தது. 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்போர் நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருளைப் புற்றுநோயாளிக்கு அளித்துப் பார்த்தனர். பின்னர் 1965-இல், மிச்சிகனில் பார்னெட் ரோஸன்பெர்க், நுண்ணுயிர்கள்மீது மின்சாரத்தின் விளைவை ஆராயும்போது, பிளாட்டினம் மின்முனையினின்று கசிந்த ஒரு பொருள் அவற்றின் பெருக்கத்தைத் தடுப்பதைக் கண்டார். அதன் வழியே வந்ததுதான் சிஸ்பிளாட்டின். அது 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

சிஸ்பிளாட்டின் இரு பணிகளைச் செய்கிறது. உடலெங்கும் சென்று, ஒளிந்திருக்கும் புற்றணுக்களைத் தாக்குவது ஒன்று. கதிரால் முறிந்த டி.என்.ஏ. செப்பனிடப்படுவதைத் தடுத்து, கதிரின் வலிமையைக் கூட்டுவது மற்றொன்று. ஆகவேதான் கதிர் தரும் நாட்களிலேயே மருந்தும் தரப்படுகிறது. சிஸ்பிளாட்டினுடன் எட்டோபோசைடு சேர்ப்பது ஒரு முறை. வாரம் ஒருமுறை கார்போபிளாட்டினும் பாக்லிடாக்ஸலும் தருவது மற்றொரு முறை. சிறுநீரகம், செவி, இதயம் ஆகியவற்றின் நிலையையும் வயதையும் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பர்.

அறுவை செய்ய இயலாத மூன்றாம் நிலை நோயாளிகளிடத்து நடந்த ஆறு ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2010-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. முதலில் மருந்தும் பின்னர்க் கதிரும் பெற்றோரில் ஐந்தாண்டு வாழ்ந்தவர் நூற்றுக்கு 10.6, இரண்டையும் ஒருங்கே பெற்றோரில் 15.1. ஆனால் உணவுக்குழாயில் கடும்புண் ஏற்பட்டோர் முன்னதில் நூற்றுக்கு 4, பின்னதில் 18. இப்பயனும் இத்துன்பமும் சேர்ந்தே வருகின்றன. உடல் மிகத் தளர்ந்தவருக்கு ஒருங்கே தராமல், ஒன்றன்பின் ஒன்றாகவோ கதிரை மட்டுமோ தருவதன் காரணம் இதுவே.

இக்கணக்குகள் அறுவை செய்யாதோரைப் பற்றியவை என்பது கவனிக்கத்தக்கது. அறுவைக்குப்பின் ஓரிடத்தில் திரும்பிய நோய்க்கென்றே நடத்தப்பட்ட பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் அரிது. உடலில் நோய் இருக்கும் இடமும் பரப்பும் மூன்றாம் நிலையை ஒத்திருப்பதால், அதற்குரிய முறையையே மருத்துவர்கள் இதற்கும் மேற்கொள்கின்றனர். கதிரும் மருந்தும் முடிந்தபின், உடலின் தற்காப்பு ஆற்றலைத் தூண்டும் டுர்வாலுமாப் என்னும் மருந்தை ஓராண்டு வரை தரும் முறை பின்னர் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் நிலை நோயாளிகளில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 33.4-இலிருந்து 42.9 ஆக இதனால் உயர்ந்தனர். இதன் விலை மிக அதிகம். திரும்பிய நோய்க்கு இது பொருந்துமா என்பதைப் பல துறை நிபுணர் அடங்கிய குழு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு செய்யும்.

நோய் தொலைவில் பரவியிருந்தால்

இந்நிலையில், திசுத் துணுக்கில் மரபணு மாற்றங்களைத் தேடுவது முதல் வேலை. இந்தியரில் அடினோகார்சினோமா என்னும் வகையினர் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளது. அத்தகையோருக்கு ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் ஊசி மருந்தினும் நல்ல பயன் தருகின்றன. மாற்றம் ஏதும் இல்லாதோருக்கு மருந்துச் சிகிச்சையோ, தற்காப்பைத் தூண்டும் மருந்தோ, இரண்டுமோ தரப்படும்.

கதிருக்கு இங்கும் இடமுண்டு. எலும்பு வலிக்கு 8 கிரே அளவை ஒரே அமர்வில் தருவது, பல நாட்கள் பகிர்ந்து தருவதற்கு நிகராக வலியைக் குறைக்கிறது. தொலைவிலிருந்து வரும் ஏழை நோயாளிக்கு இது பேருதவியாகும். மூளைக்கட்டி, மூச்சுக்குழல் அடைப்பு, தண்டுவட அழுத்தம் ஆகியவற்றுக்கும் கதிர் பயன்படுகிறது.

டில்லியில் உள்ள வசதிகள்

1956-இல் பாராளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், எய்ம்ஸ் என வழங்கப்படுகிறது. அதன் புற்றுநோய்ப் பிரிவு டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் பெயரைத் தாங்கிய ரோட்டரி புற்றுநோய் மருத்துவமனையாகும். டில்லி நோயாளிகளேயன்றி உத்தரப் பிரதேசம், பீகார், ஹரியானா முதலிய மாநிலத்தவரும் இங்கே திரள்கின்றனர். எய்ம்ஸ் மருத்துவர்கள் 1862 நுரையீரல் புற்றுநோயாளிகளின் பத்தாண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையில்தான் மருத்துவமனையை அடைந்திருந்தனர். அறுவைக்கு ஏற்ற காலத்தில் வந்தவர் சிலரே என்பது இதனால் விளங்கும். அச்சிலரை அறுவைக்குப்பின் கண்காணிப்பின்றி விட்டுவிடுவது கைக்கெட்டிய பயனை நழுவவிடுவதாகும்.

டில்லியை அடுத்த ஹரியானாவில், ஜஜ்ஜர் மாவட்டத்துப் பாட்ஸா கிராமத்தில், எய்ம்ஸைச் சேர்ந்த தேசியப் புற்றுநோய் நிலையம் 2019 பிப்ரவரி 12-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே நோயாளிகளும் உடன் வருவோரும் தங்குவதற்கு 806 படுக்கைகள் கொண்ட விஷ்ராம் சதன் 2021 அக்டோபர் 21-ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆறு வாரம் தொடர்ந்து கதிர் பெறவேண்டியவருக்குத் தங்குமிடம் என்பது சிகிச்சையின் ஓர் அங்கமே.

2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. டில்லி 2025-இல் இதில் இணைந்தது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. இதற்குரிய படிவத்தை மருத்துவமனையில் பெறலாம்.

ஆறு வாரங்களும் இடைமுறிவும்

சிகிச்சை பயனற்றுப்போகும் காரணங்களுள், மருத்துவமனைக்கு வெளியே தடுக்கக்கூடியது இடையில் நிறுத்துதலே. கதிர் தொடங்கியபின் எஞ்சும் புற்றணுக்கள் முன்னிலும் விரைவாகப் பெருகத் தொடங்கும். நாள்தோறும் தரும் கதிர் அப்பெருக்கத்தை முந்திச் செல்லவேண்டும். ஒரு வாரம் நின்றால், அந்த வாரத்தில் பெருகியவை அதுவரை பெற்ற பயனில் ஒரு பகுதியை அழித்துவிடும். பிறகு வந்து எஞ்சிய அமர்வுகளை முடித்தாலும் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை.

இடைமுறிவுக்குக் காரணங்கள் எளியவை. ஏப்ரலில் கோதுமை அறுவடை, ஹோலியும் சட் பூஜையும், வீட்டில் திருமணம், டிசம்பர், ஜனவரி மூடுபனியில் பல மணி நேரம் தாமதமாகும் ரயில்கள், கைப்பணம் தீர்ந்துபோதல். மூன்றாம் வாரத்தில் விழுங்கும்போது ஏற்படும் வலியைக் கண்டு அஞ்சி ஊர் திரும்புவோரும் உண்டு. இவற்றை முன்கூட்டியே எண்ணித் திட்டமிட இயலும். சிகிச்சை தொடங்கும் நாளைக் குறிக்குமுன், அடுத்த ஏழு வாரங்களில் குடும்பத்தில் என்னென்ன நிகழவுள்ளன, உடன் இருப்பவர் யார், அவருக்கு மாற்றாள் யார் என்பதைக் கள ஊழியர் குடும்பத்தாருடன் அமர்ந்து கேட்டறிதல் நலம்.

கள ஊழியர் அறியவேண்டிய அபாயக் குறிகள்

1. மருந்து செலுத்திய 7 முதல் 14 நாட்களுக்குள் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைகின்றன. அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், மாத்திரை தந்து காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்.

2. விழுங்கும் வலி எதிர்பார்க்கத்தக்கதே. கஞ்சி, தயிர், நன்கு குழைந்த கிச்சடி, பால் போன்ற மிதச்சூடான, காரமற்ற உணவு தக்கது. நீரும் இறங்காவிடில் உடனே தெரிவிக்கவேண்டும்.

3. கதிர் முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் தோன்றினால், அது கதிரால் நுரையீரலில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். சளிக்காய்ச்சல் என்றோ காசநோய் என்றோ தாமாக முடிவு செய்யலாகாது.

4. முதுகுவலியுடன் கால்கள் பலமிழத்தல் அல்லது சிறுநீர் கட்டுதல் தண்டுவட அழுத்தத்தின் அறிகுறியாகும். சில மணி நேரத் தாமதமும் நிரந்தர முடக்கத்தில் முடியலாம்.

5. முகமும் கழுத்தும் வீங்குதல், காலை நேரத் தலைவலியும் வாந்தியும், வலிப்பு, இருமலில் மிகுந்த இரத்தம் ஆகியவையும் அவசர நிலைகளே.

6. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. மருத்துவர் கூறிய அளவு நீர் அருந்தவேண்டும். பஸ்மம், கஷாயம் முதலியவற்றை உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

துன்பம் தணித்தல்

நோயை ஒழிக்க இயலாதபோதும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது பொருந்தாது. அமெரிக்காவின் பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடத்து நடந்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளியாயிற்று. தொடக்கத்திலிருந்தே துன்பம் தணிக்கும் சிகிச்சையையும் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதமும், அது பெறாதோர் 8.9 மாதமும் வாழ்ந்தனர். வலியைத் தணிப்பது வாழ்நாளைக் குறைக்கும் என்னும் அச்சத்துக்கு இது தக்க விடை. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவத்துக்கான மார்ஃபின் கிடைப்பதற்கிருந்த தடைகள் தளர்த்தப்பட்டன. டில்லியில் ஹர்மாலா குப்தா 1996-இல் நிறுவிய கேன்சப்போர்ட் என்னும் அமைப்பு, மருத்துவர், செவிலியர், ஆலோசகர் அடங்கிய குழுக்களை நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பிக் கட்டணமின்றிப் பணியாற்றுகிறது.

ஆசிரியர்களின் பங்கு

நோய் கண்டபின்னும் புகைபிடிப்போரிடத்துக் கதிரின் பயன் குறைந்து, தீங்கு கூடுகிறது. எனவே, எந்நிலையிலும் புகையை விடுதல் சிகிச்சையின் பகுதியாகும். டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வல்லபாய் படேல் மார்புநோய் நிலையத்தில் 2016-இல் தொடங்கிய புகையிலை விடுப்புத் தொலைபேசி உதவி 1800-11-2356 என்னும் எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வெளிக்காற்று மாசும் புற்றுநோய்க் காரணமே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2013-இல் அறிவித்தது. புகைபிடியாதோரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆதலால் நோயாளியைப் பழித்துரைப்பது அறமன்று, பயனுமன்று.

வகுப்பில் கீழ்க்கண்ட வினாக்களை எழுப்பிக் கலந்துரையாடலாம்:

1. முழுமையாக அறுவை செய்தபின்னும் புற்றுநோய் திரும்புவது ஏன்?
2. 60 கிரே அளவை ஒரே நாளில் தராமல் 30 அமர்வுகளாகப் பிரிப்பதன் காரணம் யாது?
3. கதிரும் மருந்தும் ஒருங்கே தரும்போது ஏற்படும் நன்மையும் தீமையும் யாவை?
4. வெளிக்கதிர்ச் சிகிச்சை பெறுபவரிடமிருந்து கதிர் பிறருக்குத் தொற்றுமா? விளக்குக.
5. ஆறு வாரச் சிகிச்சையை உங்கள் ஊரினர் ஒருவர் இடையில் நிறுத்த நேரக்கூடிய காரணங்கள் எவை? அவற்றுள் எவற்றை ஊரார் நீக்கக்கூடும்?

இவற்றுள் இறுதி வினாவே முதன்மையானது. கதிரின் அளவையும் மருந்தின் வகையையும் நிபுணர்கள் முடிவு செய்வர். முப்பது அமர்வுகளுக்கும் நோயாளி போய்ச் சேர்வதற்கு வேண்டிய துணையை அவருடைய ஊரும், அங்கே பணியாற்றும் ஊழியருமே அளிக்கவேண்டும்.